குழாயில் தண்ணீர் மெலிந்தால் எங்கே தேடுவது?

ஷவரைத் திறந்தால் தண்ணீர் தலையில் கொட்டாமல் நூல் நூலாகச் சுவரோரம் இறங்குகிறது. வாஷிங் மெஷின் தண்ணீர் நிரம்பக் காத்துக்கொண்டே நிற்கிறது. "மோட்டார் ஓடுது, வெள்ளம் மட்டும் ஏறல" என்பார்கள் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு பக்கத்தில் (வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர்). அடுத்த வாரமே அரை எச்.பி. மோட்டாரைக் கழற்றிவிட்டு ஒரு எச்.பி. மாட்டிவிடுகிறார்கள். பழுது பைப்பிலோ ஃபுட் வால்விலோ (கிணற்றுக்குள் பைப்பின் அடிமுனையில் தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிக்கும் வால்வு) இருந்தால் பெரிய மோட்டாரும் அதே நூலைத்தான் கொடுக்கும். கரண்ட் பில் மட்டும் ஏறும். மோட்டாரைத் தொடுவதற்கு முன் ஒரு வாளி, ஒரு கடிகாரம், கொத்தனார் மட்டம் பார்க்கும் தெளிந்த ட்யூப் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் செலவிடுங்கள். பழுது எந்த இடத்தில் என்பது அதற்குள் தெரிந்துவிடும். (இந்தக் கட்டுரையில் குழாய் என்றால் கையால் திருகித் திறப்பது, பைப் என்றால் சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் போவது.)

பிரஷர் வேறு, வரத்து வேறு

குழாய் மூடியிருக்கும்போதும் பைப்புக்குள் தண்ணீர் தள்ளிக்கொண்டு நிற்கும் அழுத்தம்தான் பிரஷர். குழாயைத் திறந்தபின் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் விழுகிறது என்பது வரத்து. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் தேவையில்லாத சாமான்களை வாங்குகிறோம். பைப்பில் அடைப்பு இருந்தால், குழாய் மூடியிருக்கையில் பிரஷர் முழுதாக நிற்கும், திறந்தவுடன் செத்துவிடும். டேங்க் தாழ்வாக இருந்தால் மூடியிருக்கும்போதே பிரஷர் குறைவு.

மாடி டேங்கிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்குப் பிரஷர் தருவது உயரம் ஒன்றுதான். 10 மீட்டர், அதாவது சுமார் 33 அடி உயரத் தண்ணீர் ஒரு கிலோ பிரஷர் தரும். பிளம்பர்கள் "ரெண்டு கிலோ வருது" என்பது இதைத்தான்: ஒரு சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ. டயர்க் கணக்கில் ஒரு கிலோ என்பது 14 பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல்.

ஒரு மாடிகூட இல்லாத தார்சு (கான்கிரீட் கூரை) வீட்டுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். மொட்டை மாடித் தளம் 11 அடியில். டேங்க் அதன்மேல் நேராக உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஒன்றரை அடித் தண்ணீர். ஆக நீர்மட்டம் 12.5 அடி. ஷவர் 7 அடியில். ஷவருக்குக் கிடைப்பது ஐந்தரை அடி உயரம், வெறும் 0.17 கிலோ. கடையில் பார்த்த பெரிய தட்டு ஷவரை இந்த வீட்டில் மாட்டினால் அது மழை மாதிரிக் கொட்டாது, கொட்ட முடியாது. இதில் பழுது ஒன்றுமில்லை. டேங்கை 5 அடி ஸ்டாண்டில் ஏற்றினால் உயரம் பத்தரை அடியாகி, ஷவருக்குப் பிரஷர் ஏறக்குறைய இரு மடங்காகும். ஆனால் 1000 லிட்டர் டேங்க் நிரம்பினால் தண்ணீரின் எடை மட்டும் ஒரு டன். ஸ்டாண்டின் கால்கள் சுவரின் மேலோ பீமின் மேலோ நிற்க வேண்டும். வெறும் ஸ்லாபின் நடுவில் நிற்கக் கூடாது.

முதலில் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

கிணற்றுத் தண்ணீர் மூன்று துண்டுப் பயணம் போகிறது: கிணற்றிலிருந்து மோட்டாருக்கு, மோட்டாரிலிருந்து டேங்குக்கு, டேங்கிலிருந்து குழாய்க்கு. எந்தத் துண்டு என்று தெரிய, டேங்க் நிரம்பும் நேரம் முன்பைவிடக் கூடிவிட்டதா என்று முதலில் பாருங்கள். கூடவில்லை என்றால் மோட்டாரையும் கிணற்றையும் மறந்துவிடுங்கள், கோளாறு டேங்குக்குக் கீழே. அடுத்து, எல்லாக் குழாயும் மெலிந்திருக்கிறதா, ஒன்று மட்டுமா? ஒன்று மட்டும் என்றால் பழுது அந்தக் குழாயிலோ, அதற்குப் பிரியும் பைப்பிலோ இருக்கிறது. சுடுதண்ணீர் மட்டும் மெலிந்தால் கீசர் பக்கம். எல்லாமே என்றால் டேங்கின் வாய், மெயின் வால்வு, பெரிய பைப்.

நிரம்பும் நேரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள முடியாது. எல்லாம் நன்றாக இருக்கும் ஒரு நாளில் அளந்து, தேதியோடு சுவிட்ச் போர்டின் அருகே எழுதி ஒட்டுங்கள். 20 லிட்டர் வாளியை டேங்கின் உள்வரும் பைப்பின் வாயில் பிடியுங்கள். 48 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 25 லிட்டர். 1000 லிட்டருக்கு 40 நிமிடம். இந்த ஒரு எண் கையில் இருந்தால் பாதிச் சண்டை முடிந்தது.

டேங்கிலிருந்து குழாய் வரை

குழாயின் நுனியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். அதுதான் செலவில்லாத வழி. வாஷ்பேசின் குழாய் நுனியில் ஒரு சிறு வலை திருகியிருக்கும். கையால் திருப்பிக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். செம்பழுப்புத் துகள், மணல், டெஃப்லான் டேப்பின் பிசிறு எல்லாம் அங்கேதான் தங்கும். ஷவர் துளைகளில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் வினிகரில் அரை மணி முதல் ஒரு இரவு வரை ஊறவிட்டுப் பழைய பல்பிரஷால் தேய்த்தால் விட்டுவிடும். குழாய்க்கு அடியில் சுவரில் இருக்கும் ஆங்கிள் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்றும் ஒரு திருகு திருகிப் பாருங்கள்.

அடுத்தது மெயின் வால்வு. டேங்கின் அடியில் பித்தளை கேட் வால்வு போட்ட வீடுகளில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோளாறு வரும். சக்கரத்தைத் திருப்பினால் அது பாட்டுக்குச் சுற்றும். மேலே தண்டும் ஏறும். ஆனால் உள்ளே தண்டின் நுனியில் கோர்த்திருக்கும் கதவு அரிபட்டுக் கழன்று பாதி வழியில் நின்றிருக்கும். வெளியே பார்ப்பவருக்கு வால்வு முழுதாகத் திறந்தது போலவே தெரியும். சக்கரம் வழக்கத்தைவிட லேசாகச் சுற்றினாலோ, மூடினாலும் தண்ணீர் முழுதாக நிற்காவிட்டாலோ இதைச் சந்தேகியுங்கள். மாற்றும்போது கால் திருப்பில் திறக்கும் பால் வால்வு போடுவதே நல்லது. கைப்பிடி பைப்போடு ஒரே வாக்கில் இருந்தால் திறந்தது, குறுக்கே நின்றால் மூடியது, சந்தேகத்துக்கு இடமில்லை.

பிறகு டேங்க். மூடியைத் திறந்து டார்ச் அடித்து வெளிவாயைப் பாருங்கள். அடியில் இரண்டு விரல் கனத்துக்குச் சேறு படிந்திருந்தால் அது வாய்க்குள் இழுபட்டிருக்கும். மூடி சரியாக உட்காராத டேங்குகளில் ரப்பர் இலை, மாவிலை, சில சமயம் செத்த பல்லியும் வாயில் சிக்கியிருக்கும். பல்லி கிடந்த டேங்கை முழுதாகக் காலி செய்து கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைத்து அலசிய பிறகே மறுபடி நிரப்ப வேண்டும்.

இத்தனையும் சரி, இருந்தும் தண்ணீர் விட்டுவிட்டு வருகிறது, துப்பித் துப்பி விழுகிறது என்றால் பைப்பில் காற்று அடைத்திருக்கிறது. டேங்க் ஒருமுறை முழுதாகக் காலியாகிவிட்டால் இது வரும். பைப் மேலே ஏறி இறங்கும் வளைவில் காற்றுக் குமிழ் உட்கார்ந்துகொண்டு தண்ணீரை விடாது. இதைக் கண்டுபிடிக்கக் கொத்தனாரின் மட்ட ட்யூப் போதும். மெலிந்த குழாயின் வாயில் ட்யூபை இறுக்கிக் கட்டி, மறுமுனையை மாடியை நோக்கி உயர்த்திப் பிடித்து, வீட்டின் மற்றக் குழாய்களை மூடிவிட்டு, இதை மட்டும் திறந்து வையுங்கள். ட்யூபுக்குள் ஏறும் தண்ணீர் மெல்ல மெல்லவாவது டேங்கின் நீர்மட்டத்துக்கே வந்து நின்றால் காற்று இல்லை; அடைப்பு அல்லது ஒடுங்கிய பைப். டேங்க் மட்டத்துக்குக் கீழேயே நின்றுவிட்டால் காற்றடைப்பு.

காற்றை வெளியேற்ற, நல்ல வேகத்தில் வரும் வேறொரு குழாயிலிருந்து, உதாரணமாக மோட்டார் பைப்பிலேயே உள்ள தோட்டக் குழாயிலிருந்து, ஒரு ஹோஸை மெலிந்த குழாயின் வாயோடு இணைத்து இரண்டையும் திறந்து ஓரிரு நிமிடம் பின்னோக்கித் தள்ளுங்கள். காற்று டேங்க் வழியாகக் குமிழிட்டு வெளியேறும். மறுபடி வராமல் இருக்க, டேங்கின் வெளிவாய்க்கு அடுத்தே ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, டேங்கின் உச்சியைவிட ஓர் அடி உயரமாக ஒரு காற்றுப் பைப்பை நிறுத்துங்கள். அதன் வாயை வளைத்துக் கீழ்நோக்கி வைத்து வலை கட்டினால் குளவி கூடு கட்டாது.

பைப்பின் அளவு பற்றி வீடு கட்டுகிறவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் சுவர் பூசியபின் இதைத் திருத்த முடியாது. உள் அளவு 15 மி.மீ. உள்ள அரை இஞ்சு பைப்பில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓட வேண்டுமென்றால், 10 மீட்டர் நீளத்துக்கு உராய்வில் மட்டும் சுமார் ஐந்தேகால் அடி உயரம் கரைந்துபோகும். மேலே கணக்கிட்ட வீட்டில் ஷவருக்கு இருந்ததே ஐந்தரை அடி! அதே 15 லிட்டர் 20 மி.மீ. பைப்பில் போனால் கரைவது ஒன்றேகால் அடி சொச்சம், 25 மி.மீ. பைப்பில் அரை அடிக்கும் குறைவு. பைப்பின் அளவைப் பாதியாக்கினால் உராய்வு இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ ஆவதில்லை, ஏறக்குறைய 29 மடங்கு ஆகிறது. அதனால் டேங்கிலிருந்து இறங்கும் மெயின் பைப் ஒன்றேகால் அல்லது ஒரு இஞ்சாகவும், குளியலறை வரை முக்கால் இஞ்சாகவும் வரட்டும். கடைசி ஓரிரு மீட்டர் மட்டும் அரை இஞ்சு இருந்தால் போதும். டேங்குக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு இந்த இடத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பது பெரிய நஷ்டம்.

கிணற்றிலிருந்து மோட்டார் வரை: காற்றை இழுக்கும் பைப்

டேங்க் நிரம்பும் நேரம்தான் கூடியிருக்கிறது என்றால் இப்போது கிணற்றடிக்குப் போகலாம். கரையில் உட்கார்ந்திருக்கும் மோனோபிளாக் மோட்டார் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக இருப்பது) தண்ணீரை "இழுப்பதில்லை". அது பைப்புக்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்றின் மேல் அழுத்தும் வெளிக்காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்தக் காற்றால் கடல் மட்டத்தில் கணக்குப்படியே 10.3 மீட்டருக்கு மேல் தள்ள முடியாது. நடைமுறையில் 6 முதல் 7 மீட்டர், அதாவது 20 முதல் 23 அடி. எத்தனை எச்.பி. போட்டாலும் இந்த எல்லை மாறாது. கிணற்றின் நீர்மட்டம் மோட்டாரிலிருந்து 25 அடிக்குக் கீழே போய்விட்டால் மோட்டாரைக் கிணற்றுக்குள் ஒரு தட்டில் இறக்க வேண்டும். அல்லது ஜெட் பம்போ, தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் மோட்டாரோ போட வேண்டும்.

இந்தத் துண்டில் வரும் பழுதுகள் பெரும்பாலும் இரண்டே: ஃபுட் வால்வு, காற்றுக் கசிவு. சோதனை எளிது. மோட்டாரை நிறுத்தி, ப்ரைமிங் மூடியை (பம்பில் தண்ணீர் ஊற்றும் வாயின் மூடி) திறந்து, தண்ணீர் ஊற்றி விளிம்பு வரை நிரப்புங்கள். 15 நிமிடம் அப்படியே விடுங்கள். மட்டம் அசையாமல் நின்றால் ஃபுட் வால்வு நல்லது. மளமளவென்று இறங்கினால், பைப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் தடவிப் பாருங்கள். ஏதாவது மூட்டில் ஈரம் தட்டினால் கசிவு அங்கே. எங்கும் ஈரமில்லாமல் தண்ணீர் மட்டும் இறங்கினால் ஃபுட் வால்வு பிடிக்கவில்லை.

ஃபுட் வால்வை மேலே எடுத்துத் திறந்தால் பெரும்பாலும் காரணம் கையிலேயே வரும். தட்டுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே ஓர் இலைக்காம்பு குறுக்கே கிடக்கும், அல்லது ஒரு கூழாங்கல். ரப்பர் வாஷர் காய்ந்து விறைத்து ஓரம் வெடித்திருக்கலாம். வலைக் கூடையைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் வழுவழுப்பான படலம் போர்த்தியிருந்தால் அது இரும்புப் பாக்டீரியாவின் வேலை. இதைப் பற்றிப் பின்னால் வருகிறது. திரும்ப இறக்கும்போது ஃபுட் வால்வு கிணற்றின் அடியிலிருந்து குறைந்தது ஓர் அடி மேலேயும், கோடையின் மிகக் குறைந்த நீர்மட்டத்திலிருந்து 2 அடி கீழேயும் இருக்கட்டும். அடியைத் தொட்டால் சேறு ஏறும். மேல்மட்டத்துக்கு அருகில் இருந்தால் சுழல் விழுந்து காற்றை உறிஞ்சும்.

காற்றுக் கசிவு மோட்டார் ஓடும்போது ஒரு சொட்டுக்கூடக் காட்டாது. வெளியே கசிவதற்குப் பதிலாக உள்ளே காற்று போவதால் மூட்டு காய்ந்தே இருக்கும். டேங்கில் விழும் தண்ணீர் பால் போல வெளுத்து, கொஞ்ச நேரத்தில் கீழிருந்து மேலாகத் தெளிந்தால் அது காற்று. கண்டுபிடிக்க, ஷேவிங் நுரையையோ கெட்டியான சோப்பு நுரையையோ ஒவ்வொரு மூட்டிலும் அப்பிவிட்டு மோட்டாரைப் போடுங்கள். எந்த மூட்டில் நுரை குழிந்து உள்ளே போகிறதோ அதுதான். திருகு மூட்டு என்றால் கழற்றிப் பழைய டேப்பை முழுக்கச் சுரண்டிவிட்டு, மரைமுனையைப் பார்த்துப் பிடித்துக் கடிகாரம் சுற்றும் பக்கமாக எட்டு முதல் பத்துச் சுற்று டெஃப்லான் டேப் இழுத்துச் சுற்றி இறுக்குங்கள். சொல்யூஷன் போட்ட பி.வி.சி. மூட்டு என்றால் வெளியே மேலும் சொல்யூஷன் தடவுவது வீண். வெட்டிப் புது கப்ளிங் போட வேண்டும். ஒட்டியபின் அரை நிமிடம் அசையாமல் பிடித்து, முடிந்தால் ஓர் இரவு காயவிடுங்கள். சக்‌ஷன் பைப் கிணற்றிலிருந்து மோட்டார் வரை ஒரே சீராக ஏறிப் போக வேண்டும். நடுவில் கூன் விழுந்தால் அங்கே காற்று கூடாரம் போடும். மோட்டாரின் வாய் அளவைவிடச் சிறிய சக்‌ஷன் பைப்பும் ஆகாது.

மோட்டார் நல்லதா என்று கேட்கும் ஒரே சோதனை

மோட்டாரின் வெளிவாய்க்கும் டெலிவரி வால்வுக்கும் (டேங்குக்குப் போகும் பைப்பின் வால்வு) நடுவே ஒரு டீ போட்டு ஒரு பிரஷர் மீட்டரை மாட்டிவிட்டால் வாழ்நாள் முழுக்க உதவும். சோதனை இதுதான்: மோட்டார் ஓடும்போது டெலிவரி வால்வை முழுதாக மூடி, மீட்டரைப் படித்து, ஒரு நிமிடத்துக்குள் திறந்துவிடுங்கள். மோட்டாரின் தகட்டில் அதிகபட்ச ஹெட், அதாவது தண்ணீரைத் தூக்கக்கூடிய உயரம், இத்தனை மீட்டர் என்று போட்டிருப்பார்கள். உதாரணமாக 30 மீட்டர். நீர்மட்டம் மோட்டாருக்கு 6 மீட்டர் கீழே என்றால், பிரஷர் மீட்டர் காட்ட வேண்டியது மீதி 24 மீட்டர், அதாவது சுமார் 2.4 கிலோ. 2.2 காட்டினால் மோட்டாரில் குற்றமில்லை. டேங்குக்குப் போகும் பைப்பில் அடைப்பு, பாதி மூடிய வால்வு, சிக்கிய ஒருவழி வால்வு என்று தேடுங்கள். 1.2 தான் காட்டுகிறது என்றால் இம்பெல்லர் (பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) தேய்ந்திருக்கிறது, அல்லது அதில் குப்பை அடைத்திருக்கிறது, அல்லது காற்று போகிறது, அல்லது வோல்டேஜ் இல்லை. வீட்டு மோனோபிளாக் பம்புக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். 100 மீட்டருக்கு மேல் ஹெட் உள்ள போர் (ஆழ்துளைக் கிணற்று) மோட்டாரில் வால்வை மூடினால் 10 கிலோவுக்கு மேல் ஏறிப் பிளாஸ்டிக் பைப் வெடிக்கலாம்.

இம்பெல்லரைத் தின்பது மணல். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடற்கரை மணலில் தோண்டிய கிணறுகளில் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கரையின் கனிம மணலில் கார்னெட் இருக்கிறது. உப்புத்தாளில் தேய்ப்பதற்கென்றே ஒட்டும் கல் அது. ஒரு வெள்ளை வாளியில் தண்ணீர் பிடித்துச் சுழற்றிவிட்டுப் பாருங்கள். அடியில் நடுவில் மணல் கூடினால் ஃபுட் வால்வைக் கொஞ்சம் உயர்த்தி, கிணற்றின் அடியில் சரளை பரப்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வோல்டேஜ் பற்றி ஒரு கணக்கு போதும். 230 வோல்ட்டில் 20 சதவீதம் குறைந்து 184 ஆனால் மோட்டாரின் முறுக்கு விசை 36 சதவீதம் குறைந்துவிடும். மோட்டார் ஓடும்போது வோல்ட் மீட்டரைப் பாருங்கள். நிற்கும்போது பார்த்துப் பயனில்லை. போட்டவுடன் முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் கெப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள். அதன்மேல் எழுதியிருக்கும் அதே மைக்ரோஃபாரட் அளவில்தான் மாற்ற வேண்டும். கரண்ட்டை நிறுத்திய பிறகும் அதில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் எலக்ட்ரீஷியனை விட்டு மாற்றச் சொல்லுங்கள். மூன்று பேஸ் மோட்டாரில் வயர் வேலை நடந்த மறுநாளே தண்ணீர் மெலிந்தால் அது தலைகீழாகச் சுற்றுகிறது. இரண்டு பேஸை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

போர் மோட்டாருக்குக் கடிகாரச் சோதனை: சுவிட்ச் போட்டு எத்தனை விநாடியில் டேங்கில் தண்ணீர் விழுகிறது என்று எண்ணுங்கள். முன்பு சில விநாடியில் விழுந்தது இப்போது அரை நிமிடம் ஆகிறது என்றால், மோட்டார் நிற்கும்போது பைப்பில் நின்ற தண்ணீர் கீழே வடிந்துவிடுகிறது. ஒருவழி வால்வு பிடிக்கவில்லை, அல்லது குழிக்குள் பைப் ஓட்டை. மோட்டார் ஓடும்போது போர் வாயில் காதை வைத்தால் ஓட்டையிலிருந்து தண்ணீர் சுவரில் அடிக்கும் சத்தம் கேட்கும். திறந்த கிணற்றில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பிரஷர் பம்பும் பிரஷர் டேங்கும்

மாடி வீடுகளில் பிரஷர் பம்ப் போட்டிருந்தால் பழுதின் முகம் வேறு மாதிரி இருக்கும். தண்ணீர் மெலிவதும் வேகமாவதுமாக மாறி மாறி வரும். ஒரு குவளை தண்ணீர் எடுத்தாலே பம்ப் "டக்" என்று போட்டு, உடனே நிற்கும். பம்பைக் குறை சொல்வதற்கு முன் பக்கத்திலுள்ள உருண்டை டேங்கைப் பாருங்கள். அதற்குள் ரப்பர்ப் பை. பைக்குள் தண்ணீர், வெளியே காற்று. அந்தக் காற்றுதான் ஸ்பிரிங் போலத் தண்ணீரைத் தள்ளித் தருகிறது.

20 பி.எஸ்.ஐ.யில் பம்ப் ஓடத் தொடங்கி 40இல் நிற்கும்படி வைத்த 24 லிட்டர் டேங்கில், காற்று சரியாக இருந்தால் ஒருமுறை நின்றபின் சுமார் 8 லிட்டர் எடுத்த பிறகுதான் பம்ப் மறுபடி ஓட வேண்டும். வாளி வைத்து அளந்துவிடலாம். ஒரு லிட்டரிலேயே ஓடினால் காற்று இறங்கியிருக்கிறது. டேங்கின் பின்புறம் பைக் டயரில் இருப்பது போன்ற காற்று வால்வு இருக்கும். அதன் நடு ஊசியை ஒருமுறை அமுக்குங்கள். தண்ணீர் பீறிட்டால் ரப்பர்ப் பை கிழிந்துவிட்டது; பையை மாற்ற வேண்டும். காற்று மட்டும் வந்தால் பை நல்லது.

காற்று நிரப்பும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். பம்பின் பிளக்கைப் பிடுங்கி, குழாயைத் திறந்து, தண்ணீர் முழுக்க வடிந்து மீட்டர் பூஜ்யத்துக்கு வந்த பிறகே அளக்க வேண்டும். தண்ணீர் உள்ளே இருக்கும்போது அளந்தால் தண்ணீரின் பிரஷரைத்தான் டயர் மீட்டர் காட்டும். பம்ப் தொடங்கும் எண்ணிலிருந்து 2 குறைத்து, அதாவது இங்கே 18 பி.எஸ்.ஐ. வரை சைக்கிள் பம்பாலேயே அடிக்கலாம். பிரஷர் சுவிட்சின் நட்டுகளைத் திருகுவது கடைசி வேலை. அதற்குள் போகும் சின்னத் துளை துருவால் அடைத்திருந்தாலும் சுவிட்ச் தாறுமாறாக வேலை செய்யும். மீட்டர் ஒன்று சொல்ல சுவிட்ச் வேறொன்று செய்தால் அந்தத் துளையைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

மேற்கே இரும்பு, கிழக்கே உப்பு

கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் செம்மண்ணும் வெட்டுக்கல்லும் உள்ள இடங்களில், கிணற்றிலிருந்து எடுக்கும்போது கண்ணாடி போல இருக்கும் தண்ணீர் ஒரு ராத்திரி வாளியில் இருந்தால் மஞ்சளித்து, மேலே எண்ணெய் போன்ற ஏடு படியும். கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாக மாறுவதே காரணம். விரலால் அந்த ஏட்டைக் கலைத்துப் பாருங்கள்: சில்லுச் சில்லாக உடைந்தால் இரும்புப் பாக்டீரியா, உடனே ஒன்றுகூடினால் உண்மையான எண்ணெய். இந்த மாற்றம் உங்கள் பைப்புக்குள்ளும் நடக்கிறது. பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் என்றால் பைப்பின் சொந்தத் துருவும் சேரும். அரை இஞ்சு ஜி.ஐ. பைப்பை வெட்டிப் பார்த்தால் நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கே வழி இருக்கும். அதைச் சுத்தம் செய்ய முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் மழை குறைவு. கடினத் தண்ணீர் உள்ள வீடுகளில் வெள்ளை உப்பு கீசரின் உள்ளேயும் ஷவர் துளையிலும் படியும். அங்கே சுடுதண்ணீர் மட்டும் மெலிவது இதனால்தான். எங்கே ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது: பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரிலோ டேங்கிலோ ஆசிட்டையோ வினிகரையோ சேர்க்காதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு மூடிய இடத்தில் ஆளையே சாய்த்துவிடும்.

கோடையும் இரண்டு மழையும்

கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் தனித்தனியே ஒரு மழை என்று வாழும் மாவட்டம் இது. ஆனாலும் மார்ச் முதல் மே வரை கிணறு இறங்கத்தான் செய்யும். மழைக்காலத்தில் நீர்மட்டம் 3 மீட்டர் ஆழத்தில் இருந்தது கோடையில் 7 மீட்டருக்குப் போனால், மோட்டார் தூக்க வேண்டிய உயரம் 4 மீட்டர் கூடுகிறது. அதனால் டேங்க் நிரம்பும் நேரம் கூடுவது பழுதாகாது. சானலோர (பாசனக் கால்வாயோர) கிணறுகளில் இந்த ஏற்ற இறக்கம் சானலில் தண்ணீர் விடுவதையும் அடைப்பதையும் பொறுத்தும் நடக்கும். அதனால் வாளிக் கணக்கை எழுதும்போது நீர்மட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி இறக்கி அளந்தால் போதும்.

மோட்டாரைத் தட்டில் இறக்கக் கிணற்றுக்குள் இறங்குகிறவர் தனியாக இறங்கக் கூடாது. இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர். எரியும் விளக்கை முதலில் இறக்கிப் பாருங்கள். அணைந்தால் இறங்கவே வேண்டாம். அணையாவிட்டாலும் ஆபத்து இல்லை என்று பொருளல்ல. டீசல் அல்லது பெட்ரோல் பம்பை எந்தக் காரணத்துக்காகவும் கிணற்றுக்குள் வைத்து ஓட்டக் கூடாது. அதன் புகை மேலே ஏறாமல் உள்ளேயே நிற்கும், இறங்கியவர் மயங்கி விழுவார், காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார்.

இறக்கிய மோட்டாரின் தட்டு எந்த உறையில் (கிணற்று வளையத்தில்) இருக்கிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். மே கடைசியில், முதல் மழைக்கு முன்னால், அதைப் பழைய இடத்துக்கு ஏற்றிவிட வேண்டும். ஜூனில் பெய்யத் தொடங்கினால் ஒரே ராத்திரியில்கூட இரண்டு உறை ஏறும் கிணறுகள் உண்டு. மூழ்கிய மோனோபிளாக்கை அப்படியே சுவிட்ச் போட்டுவிடாதீர்கள். மேலே எடுத்து, பிரித்து, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் காய்ந்து இன்சுலேஷன் பார்த்த பிறகே கரண்ட் கொடுக்க வேண்டும்.